ஒரு டிவி, மூன்று தீர்ப்பு: நல்ல படம் எது என்று யார் சொல்வது?

போன தீபாவளித் தள்ளுபடியில் பெரியப்பா மகன் அண்ணன் 55 அங்குல டிவி ஒன்று வாங்கினார். கடைக்கு நானும் கூடப் போயிருந்தேன். சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வீடியோ: தேன் சொட்டுது, மீன் நீந்துது, பூ விரியுது. அண்ணன் பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "இதுதான்டா பளிச்னு இருக்கு, இதையே போட்டுடலாம்" என்றார். எனக்கும் அதுதான் நல்லா இருக்கிற மாதிரி பட்டது.

மூன்று வாரம் கழித்து போன். அண்ணனுக்குச் சந்தோஷம், கிரிக்கெட் பிரமாதமாக இருக்கிறதாம், பந்து போகிற வழி கண்ணாடி மாதிரி தெரிகிறதாம். அண்ணி போனை வாங்கி, "படம் போட்டா சினிமா மாதிரியே இல்ல தம்பி, ஏதோ சீரியல் பார்க்கிற மாதிரி இருக்கு" என்றார். பின்னாலிருந்து பையன் கத்துகிறான்: "சித்தப்பா, கேம்ல பட்டன் அமுக்கினா லேட்டா குதிக்குது!" அண்ணனின் கேள்வி ஒன்றுதான்: "டிவில ஃபால்ட்டா? மாத்திக் கேட்கட்டுமா?"

ஃபால்ட் ஒன்றும் இல்லை. மூன்று பேர் சொன்னதும் உண்மை. இன்னும் வேடிக்கை, மூன்றுக்கும் காரணம் அந்த டிவியின் செட்டிங்ஸில் இருக்கும் ஒரே ஒரு ஸ்விட்ச். அது எதற்காக வந்தது, ஒருத்தருக்கு வரமாக இருப்பது இன்னொருத்தருக்கு ஏன் சாபமாகிறது என்று தேட ஆரம்பித்தேன். தேடினால் 1936 வரை போக வேண்டியிருந்தது. அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

லண்டனில் நடந்த முதல் போட்டி

1936 நவம்பர் 2. லண்டனின் அலெக்சாண்ட்ரா பேலஸ் கட்டடத்திலிருந்து பிபிசி தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. அப்போது எந்தத் தொழில்நுட்பம் என்று முடிவாகவில்லை. எனவே இரண்டு முறைகளை மாற்றி மாற்றி ஒளிபரப்பி, எது தேறுகிறது என்று பார்ப்பதாக ஏற்பாடு. ஒன்று ஜான் லோகி பேர்டின் முறை: 240 கோடுகள், நொடிக்கு 25 முழுப் படங்கள். மற்றது மார்கோனி-இஎம்ஐ முறை: 405 கோடுகள், ஆனால் ஒரு தந்திரத்தோடு.

அந்தத் தந்திரம் என்ன? ஒரு படத்தின் ஒற்றைப்படைக் கோடுகளை முதலில் வரைவது, பிறகு இரட்டைப்படைக் கோடுகளை இடையில் செருகுவது. அதாவது நொடிக்கு 25 முழுப் படங்களுக்குப் பதில் 50 அரைப் படங்கள். அனுப்ப வேண்டிய தகவல் கூடுவதில்லை. ஆனால் திரை நொடிக்கு 50 முறை ஒளிர்வதால் கண்ணுக்குப் படம் துடிப்பது குறைகிறது. 50 என்ற எண் அங்கே வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணிலிருந்து வந்தது.

பேர்டின் பக்கம் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஸ்டூடியோ காட்சிகளுக்கு அவருடைய முறைகளில் ஒன்று, முதலில் சினிமா ஃபிலிமில் படம் பிடித்து, அங்கேயே கழுவி, ஒரு நிமிஷம் போல் தாமதித்து ஒளிபரப்புவது. கேமராவை நினைத்தபடி நகர்த்த முடியாது. எதிர்முகாமில் முழுக்க மின்னணு கேமரா. தூக்கிக்கொண்டு வெளியிலும் போகலாம். 1937 பிப்ரவரியிலிருந்து மார்கோனி-இஎம்ஐ முறை மட்டும் என்று தீர்ப்பாகிவிட்டது.

இந்தப் போட்டியை "அதிகக் கோடு ஜெயித்தது" என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். பாதி உண்மை. படம் எவ்வளவு நுணுக்கம் என்பது ஒரு கேள்வி, அசைவு எவ்வளவு இயல்பு என்பது வேறு கேள்வி, நடப்பதற்கும் திரையில் தெரிவதற்கும் எவ்வளவு தாமதம் என்பது மூன்றாவது கேள்வி. இந்த மூன்றும் முதல் நாளிலேயே மேசைக்கு வந்துவிட்டன. இன்றைக்கு அண்ணன் வீட்டில் மூன்று பேர் பேசுவதும் இதே மூன்றைத்தான்.

பொம்மையும் வட்டமும்

அடுத்த சில பத்தாண்டுகளுக்கு "படம் நல்லா இருக்கா?" என்ற கேள்விக்கு விடை சொன்னவர்கள் பொறியாளர்கள். அவர்களுக்கு நல்ல படம் என்றால் சரியான படம். அனுப்பியது அப்படியே வந்து சேர்ந்ததா? அவ்வளவுதான்.

அதைப் பார்க்கச் சோதனைப் படங்கள் வந்தன. அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனம் 1939 வாக்கில் கொண்டுவந்த, பூர்வகுடித் தலைவர் ஒருவரின் முகம் உள்ள அட்டை புகழ்பெற்றது. வட்டம் வட்டமாகத் தெரியாமல் முட்டையாகத் தெரிந்தால் திரையின் அகல உயரம் தப்பு. ஓரிடத்தில் நெருங்கிக்கொண்டே போகும் கோடுகள் எங்கே ஒன்றோடொன்று கலக்கின்றனவோ, அதுதான் அந்தப் பெட்டியின் நுணுக்கத்துக்கு எல்லை.

பிரிட்டனில் 1967 ஜூலையில் முதலில் வந்த டெஸ்ட் கார்டு எஃப் இன்னும் சுவையானது. நடுவில் ஒரு சிறுமி, பக்கத்தில் ஒரு கோமாளி பொம்மை, கரும்பலகையில் கட்டம் போட்டு விளையாடும் எக்ஸ்-ஓ ஆட்டம். அட்டையை வடிவமைத்த பிபிசி பொறியாளர் ஜார்ஜ் ஹெர்சியின் மகள் கேரல்தான் அந்தச் சிறுமி. கரும்பலகையில் இருக்கும் ஒரு எக்ஸ் குறி திரையின் சரியான மையம். சிறுமியின் முகம் எதற்கு? மனிதத் தோல் நிறம் கொஞ்சம் பிசகினாலும் யாருக்கும் உடனே தெரிந்துவிடும். வானம் இன்னும் கொஞ்சம் நீலமாக இருந்தால் ஒருவரும் கேட்கப் போவதில்லை. முகம் பச்சையானால் பாட்டி கூட கேட்பார்.

முகம் பச்சையாவது கற்பனை இல்லை. அமெரிக்காவில் 1953-ல் ஒப்புதல் பெற்ற என்டிஎஸ்சி வண்ண முறையில், வழியில் சிக்னல் கொஞ்சம் பிசகினால் நிறமே மாறிவிடும். அதைத் திருத்த டிவியிலேயே ஒரு குமிழ் வைத்திருந்தார்கள். "ஒரே நிறம் இரண்டு தடவை வராது" என்று அந்த எழுத்துகளுக்குத் தொழில்நுட்பக்காரர்களே கேலியாக விரிவு சொன்னார்கள். ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தின் வால்டர் ப்ரூக் இதற்கு ஒரு வழி கண்டார்: கோட்டுக்குக் கோடு நிற சிக்னலில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி அனுப்பினால், ஒரு கோட்டின் பிழையை அடுத்த கோட்டின் பிழை சரிக்கட்டிவிடும். இதுதான் பால் முறை (குடிக்கிற பால் இல்லை!). இந்தியா தேர்ந்தெடுத்ததும் இதைத்தான். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இங்கே வண்ணம் வந்தபோது, நிறத்தைத் திருத்தும் குமிழ் நமக்குத் தேவைப்படவில்லை.

நமக்குத் தேவைப்பட்டது வேறு. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975-ல் வந்தது. அதற்குப் பிறகு நம் ஊரில் படத்தரச் சோதனை என்றால் மொட்டை மாடிதான். ஒருத்தர் மேலே ஆன்டெனாவைத் திருப்புவார். ஒருத்தர் ஜன்னலில் நிற்பார். ஒருத்தர் டிவி முன்னால். "இப்போ?" "புள்ளி அடிக்குது!" "இப்போ?" "ரெண்டு ரெண்டா தெரியுது!" "இப்போ?" "ஆ, அப்படியே விடு, கையை எடுக்காத!" கையை எடுத்ததும் படம் போய்விடும். சிரிப்பாக இருந்தாலும் இது ஒழுங்கான சோதனை முறை. ஒரே ஒரு விஷயத்தை மாற்றி, உடனே கண்ணால் பார்த்து, குறையைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவது. கறுப்பு வெள்ளைத் திரைக்கு முன்னால் மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை என்று பிளாஸ்டிக் தாள் மாட்டி "கலர் டிவி" ஆக்கியதும் அதே காலம்தான். அதை அன்றைக்கு யாரும் கேலி செய்யவில்லை. நிறைய பேருக்கு அது பிடித்திருந்தது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆன்டெனா திருப்புவது சரியான படத்தைத் தேடுவது. பிளாஸ்டிக் தாள் மாட்டுவது பிடித்த படத்தைத் தேடுவது. இரண்டும் ஒன்றல்ல. டிவியின் வரலாறு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இழுபறி.

கண்ணுக்கு மார்க் போடுகிற முறை

கருவியால் அளக்க முடியாத குறைகளை என்ன செய்வது? மனிதக் கண்ணையே கருவியாக்குவது. 1974-ல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கீழ் இயங்கிய குழு ஒன்று இதற்கு விதிமுறை வகுத்தது. பிடி.500 என்ற பெயரில் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் புழங்குகிறது. ஒரு அறையில் பார்வையாளர்களை உட்காரவைத்து, படத்துக்கு ஐந்து படிகளில் மதிப்பெண் போடச் சொல்வது: மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம், மிக மோசம். அல்லது குறையை அளக்க: தெரியவே இல்லை, தெரிகிறது ஆனால் உறுத்தவில்லை, கொஞ்சம் உறுத்துகிறது, உறுத்துகிறது, ரொம்ப உறுத்துகிறது.

சோதிக்க வருகிறவர்களின் கண் பார்வையும் நிறப் பார்வையும் முதலில் பரிசோதிக்கப்பட வேண்டும். அறை வெளிச்சம், திரையிலிருந்து உட்காரும் தூரம் எல்லாம் குறித்துவைக்க வேண்டும். ஏனென்றால் இவை மாறினால் மதிப்பெண்ணும் மாறும். அதாவது, படத்தின் தரம் டிவிக்குள் மட்டும் இல்லை. அறையிலும் பார்க்கிறவரிடமும் இருக்கிறது என்பது ஐம்பது வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்த விஷயம். கடைக்குள் நுழைந்ததும் நாம் மறப்பதும் இதைத்தான்.

டிவிக்காக மாறிய பந்துகள்

விளையாட்டு டிவியிடம் கேட்டது நுணுக்கத்தை விட அசைவை. சின்னப் பொருள், வேகமாகப் போகிறது, கேமராவும் கூடத் திரும்புகிறது. பழைய பெட்டிகளால் அது முடியவில்லை. விசித்திரம் என்னவென்றால், டிவி மாறும் வரை விளையாட்டு காத்திருக்கவில்லை, விளையாட்டே மாறிக்கொண்டது.

1970 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு அடிடாஸ் தந்த டெல்ஸ்டார் பந்தில் 20 வெள்ளை அறுகோணங்கள், 12 கறுப்பு ஐங்கோணங்கள். கறுப்பு வெள்ளைத் திரையிலும் பந்து உருள்வது தெரிய வேண்டும் என்பதுதான் காரணம். பெயரிலேயே டெலிவிஷன் இருக்கிறது. இன்றைக்கும் சின்னப் பிள்ளையைக் கால்பந்து வரையச் சொன்னால் இந்தப் பந்தைத்தான் வரையும். டென்னிஸில் 1972-ல் மஞ்சள் பந்து அனுமதிக்கப்பட்டது. வண்ணத் திரையில் வெள்ளையை விட அது எடுப்பாகத் தெரிந்தது. விம்பிள்டன் மட்டும் பிடிவாதமாக 1986 வரை வெள்ளையோடு இருந்தது. கிரிக்கெட்டில், 1977-ல் ஆஸ்திரேலியாவில் கெரி பேக்கர் தொடங்கிய தொடர் விளக்கொளி ஆட்டத்தையும் வெள்ளைப் பந்தையும் பிரபலமாக்கியது. பின்னாலேயே வண்ண உடை வந்தது. வெள்ளை உடைக்கு முன்னால் வெள்ளைப் பந்து எப்படித் தெரியும்? 2015 நவம்பரில் அடிலெய்டில் முதல் பகலிரவு டெஸ்ட் நடந்தபோது பந்து இளஞ்சிவப்பானது. வெள்ளை உடை, இரவு விளக்கு, கேமரா என எல்லாவற்றுக்கும் பொருந்திய நிறம் அது.

அமெரிக்காவில் எச்டி வந்தபோதும் இதே கதை. ஏபிசியும் ஃபாக்ஸும் 720 கோடுகள், நொடிக்கு 60 முழுப் படங்கள் என்ற முறையை எடுத்தன. சிபிஎஸ்ஸும் என்பிசியும் 1080 கோடுகள், 60 அரைப் படங்கள். காகிதத்தில் 1080 பெரிது. ஆனால் ஓடுகிற ஆளை அரை அரையாகக் காட்டுவதை விட, கொஞ்சம் குறைந்த நுணுக்கத்தில் முழுசாகக் காட்டுவது விளையாட்டுக்கு நல்லது என்பது முதல் தரப்பின் வாதம். பெரிய எண் எப்போதும் நல்ல படம் ஆகிவிடாது.

இப்போது கொஞ்சம் கணக்கு. பழைய படக்குழாய் டிவியில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கணம் பளிச்சிட்டு அணைந்துவிடும். எல்சிடியும் ஓஎல்இடியும் அப்படி இல்லை. ஒரு படத்தை, அடுத்த படம் வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். 1920 பிக்சல் அகலமுள்ள திரையை ஒரு பந்து ஒரு நொடியில் கடக்கிறது என்று வையுங்கள். நொடிக்கு 60 படம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் பந்து 32 பிக்சல் தாவுகிறது. நம் கண்ணோ நிற்காமல் பந்தைத் தொடர்கிறது. கண் நகர, படம் நிற்க, அந்த 32 பிக்சலும் விழித்திரையில் இழுபட்டு மங்கலாகிறது. டிவி எவ்வளவு விலையானாலும், 4கே ஆனாலும் இது போகாது. போக ஒரு வழி: இரண்டு படத்துக்கு நடுவில் இன்னொரு படத்தை டிவியே கணக்குப் போட்டு உருவாக்கிச் செருகுவது. 60 படம் 120 ஆனால் இழுவை 16 பிக்சலாகப் பாதியாகும்.

இதுதான் நான் முதலில் சொன்ன அந்த ஸ்விட்ச். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். பெரும்பாலும் பெயரில் எங்காவது மோஷன் என்ற சொல் இருக்கும். இதன் முன்னோடி எல்சிடிக்கும் முந்தையது. 1990-களின் நடுவில் பிலிப்ஸ் தன் 100 ஹெர்ட்ஸ் படக்குழாய் டிவிகளில் இந்த இடைப்படம் செருகும் முறையைக் கொண்டுவந்தது. தட்டைத் திரைகள் வந்தபின் அது எல்லாக் கம்பெனிகளுக்கும் பரவியது. அண்ணனுக்குப் பந்து கண்ணாடி மாதிரி தெரிந்தது இதனால்தான்.

அண்ணிக்கு ஏன் சீரியலாகத் தெரிந்தது

சினிமா நொடிக்கு 24 படம். 1920-களின் கடைசியில் பேசும் படம் வந்தபோது, ஒலியை ஃபிலிமோடு ஒட்டி ஓட்ட நிலையான வேகம் தேவைப்பட்டு 24-ல் நின்றது. அழகியல் காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை; ஒலி தெளிவாக இருக்கணும், ஃபிலிம் செலவும் கட்டுப்படியாகணும். ஆனால் அதற்குப் பிறகு மூன்று நான்கு தலைமுறை அந்த 24-லேயே சினிமா பார்த்து வளர்ந்துவிட்டது. அந்த லேசான தத்தலும் மங்கலும் சேர்ந்துதான் நமக்கு "சினிமா".

சினிமாவை டிவியில் காட்டுவது ஆரம்பத்திலிருந்தே ஒட்டுப்போட்ட வேலை. 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் ஒரு படத்தை 3 முறை, அடுத்ததை 2 முறை என மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் ஒரு நொண்டல் தெரியும். 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் இன்னும் எளிய வழி: 24-ஐ 25 ஆக வேகமாக ஓட்டிவிடுவது. 4 சதவீத வேகம். மூன்று மணி நேரப் படம் இப்படி ஓடினால் 7 நிமிஷம் முன்னாலேயே முடிந்துவிடும். நாயகனின் குரலும் ஒரு சுருதி அளவுக்குக் கிட்டத்தட்ட மேலே ஏறும். பால் முறை நாடுகளில் சினிமா பொதுவாக டிவிக்கு வந்தது இப்படித்தான். யாரும் புகார் சொல்லவில்லை.

சீரியல்கள், செய்திகள், மேடை நிகழ்ச்சிகள் எல்லாம் வீடியோ கேமராவில் நொடிக்கு 50 அல்லது 60 அரைப் படமாக எடுக்கப்பட்டவை. அசைவு வழவழவென்று இருக்கும். எனவே நம் மூளை ஒரு பாடம் படித்து வைத்திருக்கிறது: வழவழப்பு என்றால் சீரியல், லேசான தத்தல் என்றால் சினிமா. 24 படத்துக்கு நடுவில் டிவி தானாகப் படங்களைச் செருகினால் கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படமும் ஸ்டூடியோ செட்டில் எடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் இதற்குப் பெயரே சோப் ஓப்பரா எஃபெக்ட். அண்ணி இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் சரியாக அதே சொல்லைத்தான் சொன்னார்: "சீரியல் மாதிரி இருக்கு."

இது பழக்க தோஷமா, இல்லை உண்மையிலேயே குறையா? நேர்மையான கேள்விதான். பீட்டர் ஜாக்சன் 2012-ல் ஹாபிட் படத்தை நொடிக்கு 48 படமாக எடுத்து வெளியிட்டார். பலருக்கு அது செட்டுக்குள் நின்று பார்ப்பது போல் பட்டது, சிலருக்குப் பிடித்தது. ஆனால் அங்கே முடிவெடுத்தது இயக்குநர். வீட்டில் முடிவெடுப்பது டிவியின் சிப். வித்தியாசம் அதுதான்.

2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் ஒரு சிறு வீடியோ வெளியிட்டு, வீட்டில் படம் பார்க்கும்போது இந்த வசதியை அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் யுஎச்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு ஃபிலிம்மேக்கர் மோட் என்பதை அறிவித்தது. அதை அழுத்தினால் இடைப்படம், செயற்கைக் கூர்மை எல்லாம் அணைந்து, வெள்ளை நிறமும் ஸ்டூடியோ தரத்துக்கு வரும்.

ஸ்டூடியோ தரம் என்றால்? படத்துக்கு நிறம் சரிசெய்யும் அறையில், அளந்து வைத்த ஒரு மானிட்டர் இருக்கும். வெள்ளை எது என்பதற்கு டி65 என்ற தரம், அதாவது ஏறக்குறைய 6500 கெல்வின் பகல் வெளிச்சம். வழக்கமான எச்டி படத்தில் உச்ச வெளிச்சம் 100 நிட்ஸ் அளவு. அறை கிட்டத்தட்ட இருட்டு. இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் "இதுதான்" என்று ஒப்புக்கொண்ட படம் அந்த மானிட்டரில் தெரிந்த படம். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து ஜோ கேன் என்பவர் லேசர்டிஸ்க்கிலும் பிறகு டிவிடியிலும் சோதனைப் படங்களை வெளியிட்டு, இந்தத் தரத்தை வீட்டு டிவிக்கும் கொண்டுவரலாம் என்று சாதாரண ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பொறியாளர் அறையில் இருந்த டெஸ்ட் கார்டு அப்படித்தான் வரவேற்பறைக்கு வந்தது.

அறையின் இருட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஏப்ரல் ஒரு பாடம். கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் பெரிய இரவுப் போர் அத்தியாயம் வெளியானதும், "ஒண்ணுமே தெரியல" என்று உலகம் முழுக்கப் புலம்பல். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னரோ, வீட்டு டிவிகள் சரியாக அமைக்கப்படவில்லை என்றார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இருட்டறை மானிட்டருக்காகச் செய்த கறுப்பு, டியூப் லைட் எரியும் கூடத்தில் தெரியாது. ஒளிபரப்பில் சுருக்கும்போது முதலில் அடிபடுவதும் இருட்டுப் பகுதியின் நுணுக்கம்தான்.

வாத்து சுடும் துப்பாக்கி

மூன்றாவது தீர்ப்பு பையனுடையது. விளையாடுகிறவருக்குத் தாமதம் என்பது படத்தரத்தின் பாகம். சினிமா இரண்டு நொடி தாமதமாக வந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, ஒலியும் கூடவே தாமதித்தால் போதும். கேமில் அப்படி இல்லை.

தொண்ணூறுகளில் டிவி வீடியோ கேம் வைத்திருந்தவர்களுக்கு வாத்து சுடும் ஆட்டம் நினைவிருக்கும். நின்டென்டோ 1984-ல் வெளியிட்ட டக் ஹன்ட். துப்பாக்கி எப்படிக் குறியைக் கண்டுபிடித்தது? குதிரையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். உடனே வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி அந்த நேரத்தில் வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து செத்தது. எல்லாம் நொடியில் சில அறுபதில் ஒரு பங்குக்குள். படக்குழாய் டிவி சிக்னல் வந்த உடனே வரைந்துவிடும் என்ற நம்பிக்கையில் கட்டியது. அதே துப்பாக்கியைத் தட்டைத் திரைக்கு நேரே பிடித்துச் சுட்டால் ஒரு வாத்தும் விழாது. திரை படத்தை வாங்கி, அலசி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டுகிறது. அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத குறையை ஒரு பொம்மைத் துப்பாக்கி கண்டுபிடித்துவிட்டது!

தட்டைத் திரை பரவியபோது இசை விளையாட்டுகளுக்கு இது பெரிய தலைவலி. தாளத்துக்குச் சரியாகப் பட்டன் அடித்தாலும் தப்பு என்று வரும். 2008-ல் வந்த ராக் பேண்ட் 2 ஆட்டத்தின் பொம்மை கிட்டாரிலேயே ஒளி உணரியும் மைக்கும் வைத்தார்கள். திரைக்கு நேராகப் பிடித்தால் டிவி எவ்வளவு தாமதிக்கிறது என்று அதுவே அளந்து ஈடுகட்டிவிடும். பிறகு தாமதம் அளக்கவே தனிக் கருவிகள் வந்தன; டிவி விமர்சனங்களில் மில்லிநொடி எண்கள் இடம்பிடித்தன. 2017 கடைசியில் வந்த எச்டிஎம்ஐ 2.1, கேம் தொடங்கியதும் டிவி தானாகக் கேம் மோடுக்கு மாறவும், கேம் படம் தயாரிக்கும் வேகத்துக்குத் திரை ஒத்துப்போகவும் வழி செய்தது.

இப்போது அந்த ஸ்விட்சுக்குத் திரும்புங்கள். இரண்டு படத்துக்கு நடுவில் ஒன்றை உருவாக்க வேண்டுமானால், இரண்டாவது படம் கைக்கு வரும்வரை டிவி காத்திருந்தே ஆக வேண்டும். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிநொடி. காத்திருப்பது, கணக்குப் போடுவது எல்லாம் சேர்ந்து பையன் பட்டன் அமுக்கியதற்கும் குதித்ததற்கும் நடுவில் விழுகிறது. அண்ணனின் தெளிவான பந்து, அண்ணியின் சீரியல், பையனின் தாமதம். ஒரே காரணம்.

கடை ஏன் பொய் சொல்கிறது

கடையில் எனக்கே அது பிடித்ததே, ஏன்? பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் பளிச்சென்று இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்கும். கடை விளக்குக்கு நடுவில் தெரிய வேண்டும் என்பதற்காகக் கடை டிவிகள் உச்ச வெளிச்சத்திலும் நீலம் ஏறிய வெள்ளையிலும் ஓடுகின்றன. ஓடுகிற வீடியோவும் தேன், மீன், பூ. வேகமாக ஓடுகிற எதுவும் இல்லை, இருட்டுக் காட்சி இல்லை, தோல் நிறம் அதிகம் இல்லை. டெஸ்ட் கார்டு எஃப் எதையெல்லாம் சோதிக்க வந்ததோ, அதையெல்லாம் ஒதுக்கிவிட்ட சோதனை அது. பிளாஸ்டிக் தாள் காலம் இன்னும் முடியவில்லை. தாள் இப்போது டிவிக்குள்ளேயே இருக்கிறது.

எனவே யாராவது கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான். சினிமாவுக்கு: ராத்திரி விளக்கை அணைத்து, சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடில், தெரிந்த ஒரு படத்தின் இரவுக் காட்சியைப் பாருங்கள். கறுப்புச் சட்டையின் மடிப்பு தெரியணும், முகம் முகமாக இருக்கணும். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், கண் பழகிவிடும். விளையாட்டுக்கு: பகலில், ஜன்னலைத் திறந்து வைத்து, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். கேமரா பவுண்டரிப் பக்கம் திரும்பும்போது விளம்பரப் பலகையைப் படிக்க முடிகிறதா? அங்கே அந்த ஸ்விட்ச் கொஞ்சம் இருந்தால் தப்பில்லை. கேமுக்கு: போனின் ஸ்லோமோஷன் வீடியோவில், நொடிக்கு 240 படத்தில், பட்டனும் திரையும் சேர்ந்து தெரியும்படி எடுங்கள். அமுக்கியதிலிருந்து திரை மாறும்வரை எத்தனை படம் என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 4 மில்லிநொடி. கேம் மோட் போட்டும் போடாமலும் எண்ணினால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அண்ணன் டிவியை மாற்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், மூன்று பேருக்கு மூன்று மோட் அமைத்துக் கொடுத்தேன். பையனும் நானும் போனில் எண்ணிப் பார்த்தோம். பாதிக்கும் கீழே வந்தது. அண்ணி ஒரு பழைய படத்தை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "ஆங், இதுதான் சினிமா" என்றார். அண்ணன் மட்டும் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்: "என்னடா, கடையில பார்த்த மாதிரி பளிச்னு இல்லையே!"